ஊசி மூக்கு விமானத்துக்கு ஒரு மாலை

என் வீட்டுக்காரர் விமானப்படையில் இருந்தபோது அனுப்பிய போட்டோ ஒன்று எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறது. ஊசி மூக்கு போர் விமானம். அதற்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இவர். அந்த வருஷங்களில் நான் அருப்புக்கோட்டையில் மாமனாருடைய எண்ணெய்க் கடையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வானத்தில் சத்தம் கேட்டாலே கடையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்ப்பேன். சாமிகளுக்கு ஊர்ப்பட்ட வேலை இருக்கும், இவரைத் தூக்கிக்கொண்டு பறப்பது அதுதானே என்று ஒரு நாள் அந்த விமானத்திடமே வேண்டிக்கொண்டேன். "இவுகளப் பத்திரமா எறக்கி விட்டுரு, ஒனக்கு மல்லிகைப்பூ மால போடுறேன்."

இவர் முழுசாகத் திரும்பி வந்து கடையில் உட்கார்ந்தும் வருஷங்கள் ஓடிவிட்டன. மாலை மட்டும் பாக்கி. விமானப்படை முகாமுக்குள் பூக்கூடையோடு யார் விடுவார்கள்? இந்த வருஷம் இவருக்கு அடிக்கடி மயக்கம் வர ஆரம்பித்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேண்டுதலைத் தள்ளிப்போட்டால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்குமோ?

அப்போதுதான் பெங்களூரில் இருக்கும் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். பேரப்பிள்ளைகளுக்குப் பின்னால் என் விமானம்! ஓய்வு கொடுத்த விமானங்களை அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

மாலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "இரும்புக்கு மால போடவா இம்புட்டுத் தூரம்?" என்று இவர் காரியாபட்டி வரைக்கும் முனகினார். "அந்த இரும்புதான ஒங்களத் தூக்கிட்டுப் போச்சு" என்றேன். இவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஊசி மூக்கை நேரில் கண்டதும் கண் கலங்கிவிட்டது. சுற்றிலும் ஒரே செல்ஃபிக் கூட்டம். பக்கத்தில் படிக்கட்டு வைத்திருந்தார்கள். ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"ஏங்க, ஓட்டுறவுகளுக்கு ஒத்த சீட்டுத்தான இருக்கு? நீங்க எங்க உக்காந்தீக?"

இவர் தலையைச் சொறிந்தார். "நான் இதுல ஏறுனதே இல்ல. சும்மா போட்டோவுக்கு நின்னது."

"அடப்பாவி மனுஷா! சூடம் காட்டுனேனே! தெருவுக்கே சொன்னேனே!"

"பெருமையா இருக்குன்னு லெட்டர் போட்ட. பொறவு எப்பிடிச் சொல்ல?"

"அப்ப எதுலதான் போனீக?"

வரிசையின் கடைசியைக் கை காட்டினார். உப்பிய வயிறும் இரண்டு காற்றாடியுமாக ஒரு விமானம், சினை எருமை மாதிரி நின்றது. அதோடு யாரும் போட்டோ எடுக்கவில்லை. அதில்தான் பனிமலையில் காவல் இருக்கும் சிப்பாய்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போய், பாராசூட்டில் கட்டித் தள்ளிவிடுவார்களாம்.

"மக பெறந்த சேதி வந்த மறுநாளு, மலைக்கு நடுவுல ஒரு எஞ்சினு நின்னு போச்சு. மத்ததை வச்சே கொண்டாந்து சேத்துருச்சு" என்றார், பஸ்ஸு பஞ்சரான கதை சொல்வதுபோல.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கைப்பையாலேயே முதுகில் ஒன்று வைத்தேன். அடித்த பிறகுதான் உறைத்தது. நான் இங்கே பச்சைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு தடவைகூட இவரை ஏற்றிப் போகாத விமானத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாலையோடு எருமையிடம் போனேன். தொடக் கூடாது என்றார் காவலாளி. இவர் இந்தியில் அவரிடம் ஏதோ பேசினார். காவலாளி இவரையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

விமானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சங்கிலிக்கு அடியில் குனிந்து போய், சக்கரத்தில் மாலையைச் சாத்தினேன்.

"கோவிச்சுக்காத தாயி. ஆளு தெரியாம அங்கிட்டுக் கும்புட்டுட்டேன். நான் கேக்காமலே இவுகளக் கொண்டாந்து விட்டுட்டியே."