பன்னிரண்டு பிடி

அறுபதுகளின் நடுவில் எங்கள் மில்லில் கதவடைப்பு. நான் அங்கே ஸ்டோர் குமாஸ்தா. திருகாணிகளை எண்ணிப் பிழைத்தவன். வேலை நின்ற பிறகு எண்ணுவதற்கு மிஞ்சியது வீட்டு அரிசி டின் ஒன்றுதான். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஆழாக்கு போட்டு அளந்து பார்ப்பேன்.

"எண்ணிக்கிட்டே இருங்க. அரிசி கூச்சப்பட்டு ரெண்டு மணி கூடப் போவுது" என்பாள் என் மனைவி.

விவேக் நகரில், கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர். ஒரு வேளைச் சோற்றுக்கு மூன்று ஆழாக்கு வேண்டும். ரேஷன் கடையில் அரிசி வரவில்லை. கடைக்காரர் கன்னடத்தில் "நாளெ பன்னி" என்று நாளைக்கு வரச் சொல்லியே ஐந்து நாள் போயிற்று.

என்னைப் படுத்திய விஷயம் இன்னொன்று. உலை வைக்குமுன் மனைவி, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, சிலுவை அடையாளம் போட்டு, அடுப்படிக் கலயத்தில் போடுவாள். அந்தக் கோயிலைச் சேர்ந்த எங்கள் கிறிஸ்தவப் பங்கில் பல வீடுகளில் இந்தப் பிடி அரிசிக் கலயம் உண்டு. சனிக்கிழமை காலை கோயிலிலிருந்து ஓர் அக்கா பையோடு வந்து வாங்கிப் போவார். அது இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகும். அவள் கைக்கு நான்கு பிடி ஓர் ஆழாக்கு. வாரத்துக்குப் பதினான்கு பிடி, மூன்றரை ஆழாக்கு. எங்கள் ஒரு வேளைச் சோறு, அதற்கு மேலும் அரை ஆழாக்கு.

"நாமே இப்ப இல்லாதவங்கதானே?" என்றேன்.

"கலயத்துல போட ஒரு பிடி இருக்கிற வரைக்கும் இல்ல. குடுக்கறவருக்கு நம்ம வீடு தெரியும்."

எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உலையில் அரிசி போட்ட பிறகு டின்னில் மிஞ்சியது இரண்டே ஆழாக்கு. அவள் தெருக் குழாய்க்குப் போயிருந்த நேரத்தில் கலயத்திலிருந்து மூன்று ஆழாக்கை டின்னுக்கு மாற்றினேன். ஆட்டினால் சத்தம் வரட்டும் என்று இரண்டு பிடியை விட்டுவைத்தேன். கடன்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அக்கா பையை விரித்தார். மனைவி கலயத்தைக் கவிழ்த்தாள். பையின் அடியில் அரிசி விழுந்த சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. அவள் கலயத்துக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தனை பிடி?"

பொய் சொல்லியிருக்கலாம். எண்ணிக்கை என்று வந்தால் எனக்கு நாக்கு வளையாது. "பன்னிரண்டு."

டின்னைக் கொண்டுவந்து, அக்காவுக்கு முன்னாலேயே பன்னிரண்டு பிடி எண்ணிப் போட்டாள். "வேணாம்மா, இருக்கட்டும்" என்றார் அக்கா. அவள் நிறுத்தவில்லை. அன்று இரண்டு வேளையும் கஞ்சி. கடைசிப் பிள்ளை தட்டை வழித்துவிட்டு, என் தட்டைப் பார்த்தான். டின் காலி. நாளைக்கு என்ன என்பது என்னைப் பசியைவிட அதிகமாகக் கடித்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தார். கையில் அதே பை. "பங்குச் சாமியார் குடுக்கச் சொன்னாரு" என்று மட்டும் சொன்னார்.

அளந்தேன். பதினொன்றரை ஆழாக்கு. பல வீட்டு அரிசி: புழுங்கல், பச்சரிசி, சிவப்பு, குருணை. சோறு ஒரே மாதிரி வேகவில்லை. ஒரு பாதி குழைந்தது, ஒரு பாதி பல்லில் கடிபட்டது. பிள்ளைகள் மறுசோறு கேட்டார்கள்.

எனக்கோ நிம்மதி வரவில்லை. நான் திருடாமல் இருந்திருந்தால் அக்கா எங்கள் டின்னைப் பார்த்திருக்க மாட்டார்; பை வந்திருக்காது. அப்படியானால் படியளந்தது கடவுளா, என் திருட்டா? அவளிடமே கேட்டுவிட்டேன்.

"உங்க திருட்டையும் அவரு வீணாக்கல. அவ்வளவுதான். எழுந்திருங்க."

ராத்திரிச் சோற்றுக்கு மூன்று ஆழாக்கு அளந்து முறத்தில் வைத்திருந்தாள். கலயம் பக்கத்தில் இருந்தது. "இந்தத் தடவை நீங்க போடுங்க."

என் கை பெரியது. மூன்று பிடியிலேயே ஆழாக்கு நிறைந்துவிடும். அதை நினைத்தபடியே அள்ளினேன். கலயத்துக்குப் போகும் வழியிலேயே விரலிடுக்கில் அரிசி ஒழுகி மறுபடி முறத்தில் விழுந்தது.

"விரலை இறுக்குங்க" என்றாள்.