சாவி அக்கா போட்ட கம்பைலர்

“இந்த மெஷின்ல எல்லாம் இன்னைக்குக் காலையில கம்பைலர் போட்டது யாரு?”

செய்முறைத் தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இப்படிக் கேட்டபோது லேபில் நாங்கள் இருபது மாணவர்கள் நின்றுகொண்டிருந்தோம். இருபது பேருக்கும் பதில் தெரியும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு பதிலை நம்பி ஒருவர் இருந்தார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அவரை எல்லோரும் சாவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. வேலையின் பெயர் லேப் உதவியாளர், தற்காலிகம். பதினொரு வருடமாகத் தற்காலிகம். “என்னோட நரைமுடி மட்டும்தான் இங்க நிரந்தரம்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். காலை ஏழரைக்கு லேபைத் திறப்பது, பெருக்குவது, கீபோர்டுக்குள் சிந்திய பிஸ்கட் தூளைக் கவிழ்த்துத் தட்டுவது, மெஷின்களை ஆன் செய்து வைப்பது. காகிதத்தில் இவ்வளவுதான் அவர் வேலை.

காகிதத்தில் இல்லாத வேலை நிறைய இருந்தது. லேபுக்குப் பொறுப்பான சாருக்கு மூன்று மாடி ஏறி வந்து மென்பொருள் போடுவது என்றால் ஆகாது. “ஏம்மா, இதுக்கெல்லாம் என்னைக் கூப்பிடணுமா? பாஸ்வேர்டு சொல்றேன், நீயே போட்டுக்கோ” என்று என்றோ ஒரு நாள் சொல்லிவிட்டார். விதிப்படி அந்தப் பாஸ்வேர்டு சார் ஒருவருக்குத்தான் தெரிய வேண்டும். அக்கா முதலில் சார் ஃபோனில் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிச் செய்தார். பிறகு நோட்டு தேவைப்படவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் எதை எங்கே வைப்பார்கள், எந்த மென்பொருள் எதைத் துணைக்குக் கேட்கும் என்பதெல்லாம் திட்டு வாங்கியே படித்தது. ஆனால் லேப் பதிவேட்டில் எல்லா வேலைக்கும் எதிரே சாரின் கையெழுத்துதான் இருக்கும்.

தேர்வு நடந்த வாரக் கடைசியில் எங்கள் கல்லூரியிலேயே டெக்னீஷியன் வேலைக்கு நேர்காணல். நிரந்தர வேலை. விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: ‘தனியாகச் செய்த நிறுவல் பணி, ஆதாரத்துடன்.’ அக்கா அதை மட்டும் காலியாக விட்டிருந்தார். துறைத் தலைவரான மேடமிடம் போய் நின்றபோது, “தேர்வு நல்லபடியா முடியட்டும். அன்னைக்கு நீங்க செய்யற வேலையை நானே எழுதித் தரேன்” என்று மேடம் சொல்லியிருந்தார். வீட்டில் அக்காவின் கணவர், டெம்போ ஓட்டுபவர், “பூட்டுறதுக்கும் தொறக்குறதுக்கும் பட்டமா தரப்போறாங்க?” என்று கிண்டல் செய்தார். ஆனால் நேர்காணலுக்குக் கட்டிப்போக வைத்திருந்த சேலையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். பழைய மெஷின்களைத் துடைத்து, அதே பதிப்பு லினக்ஸைப் புதிதாகப் போட்டார்கள். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஒரு மெஷினில் அடிப்படை மென்பொருள் மட்டும் உள்ள குறைந்தபட்ச நிறுவலைத் தேர்ந்தெடுத்து, அதையே இருபதிலும் நகல் எடுத்தார்கள். மூலையில் இருந்த இருபத்தோராவது மெஷினை, எல்லோரும் தாத்தா என்று கூப்பிடுவதை, “இது ரெண்டு நாள்ல போயிடும்” என்று தொடாமல் விட்டார்கள். கடைசியில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். மூன்று கேள்விகள். மெஷின் ஆன் ஆகிறதா? மவுஸ் நகர்கிறதா? திரை தெளிவாக இருக்கிறதா? அக்கா அறுபது டிக் போட்டுக் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ‘சி’ நிரல் மொழித் தேர்வு. அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தேர்வு நாள் காலையில் முதல் மெஷினில் நாலு வரி நிரல் ஒன்றை எழுதி ஓட்டிப் பார்ப்பார். திரையில் ‘வணக்கம்’ என்று வந்தால் திருப்தி. அன்று வணக்கம் வரவில்லை. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது மெஷின். எழுதிய நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர், அதைக் காணோம். இரண்டாவது மெஷினிலும் இல்லை. ஏழாவதிலும் இல்லை. அறுபது டிக்குக்குக் கீழே இருப்பது அவர் கையெழுத்து.

இணையத்திலிருந்து இறக்கலாம் என்றால், தேர்வுக்கு முந்தின வேலைநாள் மாலையே இணைப்பைப் பிடுங்கி, அந்தப் பெட்டியின் சாவியை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வது விதி. சாருக்கு ஃபோன் போட்டார்.

“சார், கம்பைலர் ஒண்ணுலயும் இல்ல.”

“காலங்காத்தால விளையாடாதம்மா. சனிக்கிழமை நீதானே கையெழுத்துப் போட்ட?”

“அந்தப் பேப்பர்ல கம்பைலர்னே ஒரு கேள்வி இல்லையே சார்.”

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம். “நான் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன். எதையும் தொடாத...” என்றவர், “சரி சரி, எப்படியாவது பாத்துக்கோ” என்று வைத்துவிட்டார்.

அக்கா இடுப்புச் சாவியை ஒரு முறை தட்டிக்கொண்டார். பிறகு தாத்தா ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதில் கம்பைலரை இறக்கிப் போட்டது அவர்தான். இறக்கிய கோப்புகள் உள்ளே ஒரு அடைவில், அதாவது ஃபோல்டரில், தங்கியிருக்கும். யாராவது துடைத்தால்தான் போகும். தாத்தா முனகி முனகி எழுந்தது. கோப்புகள் அப்படியே இருந்தன.

பென் டிரைவில் எடுத்து முதல் மெஷினில் கம்பைலர் கோப்பை மட்டும் போட்டார். அது துணைக்கு இன்னொன்றைக் கேட்டது. அதைப் போட்டால் வேறொன்றைக் கேட்டது. “உங்க குடும்பத்தையே கூட்டிட்டு வரணுமா?” என்று மெஷினைத் திட்டிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே அடைவில் போட்டு ஒரே கட்டளையில் நிறுவச் சொன்னார். வரிகள் ஓடி நின்றன. நாலு வரி நிரலை ஓட்டினார். வணக்கம்.

அப்போது மணி எட்டரை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒவ்வொருவராக வந்து நின்ற நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். நாற்காலி நாற்காலியாக நகர்ந்து, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் இருபதாவது மெஷினையும் முடித்து எழுந்தபோது சார் மூச்சு வாங்க மேலே வந்தார். பின்னாலேயே தேர்வாளரும் மேடமும். நாங்களும் உள்ளே போனோம்.

தேர்வாளர் இரண்டு மெஷின்களைத் தட்டிப் பார்த்தார். கம்பைலர் அன்றைய தேதியில் நிறுவப்பட்டது என்று அதிலேயே இருந்தது. அப்போதுதான் கேட்டார், யார் போட்டது என்று.

தேர்வு நாளில் மெஷினில் கை வைக்க அதிகாரம் சாருக்கு மட்டும். வேறு யாராவது தொட்டிருந்தால் தேர்வே ரத்து. எங்களுக்கு அந்தப் பயம். போதாததற்கு உள் மதிப்பெண் சாரின் கையில். நாங்கள் எல்லோரும் சாரைப் பார்த்தோம். சார் மேடமைப் பார்த்தார். மேடம் தரையைப் பார்த்தார்.

“நான்தான் சார்,” என்றார் சார்.

தேர்வாளர் அக்காவைப் பார்த்து, “அப்படியாம்மா?” என்றார். அக்கா எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். அறிக்கையில் சாரின் பெயர் ஏறியது. நாங்கள் உட்கார்ந்து தேர்வு எழுதினோம். எல்லோரும் தேறினோம்.

வெள்ளிக்கிழமை நேர்காணலில் மேடமும் ஒரு நாற்காலியில் இருந்தார். தனியாகச் செய்த நிறுவல் பணி உண்டா என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

“திங்கட்கிழமை இருபது மெஷின்ல கம்பைலர் போட்டேன் சார்.”

அவர் கோப்பைப் புரட்டினார். “இதுல வேற பேர்ல இருக்கேம்மா. சனிக்கிழமை படிவத்துலதான் உங்க பேர் இருக்கு. எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

அக்கா மேடமைப் பார்த்தார். மேடம் பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார்.

வேலை வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. நெருக்கடியில் நிதானமாகச் செயல்பட்டதற்காகச் சாருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு லேபில் மாட்ட ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தது சாவி அக்கா.

எங்களுக்கு அடுத்த வகுப்பின் தேர்வு நாளில் அவரைப் பார்க்கப் போனேன். லேபைத் திறந்தார், பெருக்கினார், மெஷின்களை ஆன் செய்தார். முதல் மெஷினில் உட்காரவில்லை.

“நாலு வரி போட்டுப் பாக்கலையாக்கா?” என்றேன்.

“ஆன் ஆகுது. மவுஸ் நகருது. திரை தெளிவா இருக்கு,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இதைப் படித்தவர்கள் இன்னும் ஒருவரிடம் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த இருபது மெஷினில் கம்பைலர் போட்டது யார் என்று யாராவது கேட்டால், நாங்கள் அன்று விழுங்கிய பதிலை நீங்களாவது சத்தமாகச் சொல்லுங்கள்.