தனுஷ்கோடிக்குக் கார் வைக்காமல் போனோம்

வெள்ளிக்கிழமை விடிகாலை நான்கரை மணிக்குப் பாலக்கோட்டில் பஸ் ஏறினோம். நான், கணவர் அருள், மூன்று வயது மகள் மெர்சி, மாமனார். தருமபுரி, சேலம், மதுரை என்று மாறி மாறி இராமேசுவரம் போய்ச் சேர வேண்டும். தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கத் தொடங்கியதும் வழக்கம்போல மெர்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். லாரி கவிழ்ந்தது, கார் நசுங்கியது என்ற செய்திகளைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். கார் என்றாலே எனக்கு அந்த இறக்கம்தான் கண்முன் வரும். பஸ் பெரியது, எதையும் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை. போதாக்குறைக்குப் போன வருடம் வாடகைக் காரில் வத்தல்மலை ஏறியபோது, ஒவ்வொரு வளைவுக்கும் மெர்சி வாந்தி எடுத்தாள்.

இந்தப் பயணம் கடல் பார்க்கத்தான். ஆனால் மாமாவுக்கு வேறு ஒரு வேலை இருந்தது. அவர் தக்காளி விவசாயி. எங்கள் ஊர் மாதா கோவிலில் காலையும் மாலையும் மணி அடிப்பவர். இராமேசுவரம் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“தனுஷ்கோடியில புயல்ல இடிஞ்ச நம்ம கோவிலு ஒண்ணு நிக்குதாமே, கூரையில்லாம. அதுல ஒரு செபமாலை சொல்லிட்டு வரணும்.”

“அங்க பூசையெல்லாம் கெடையாதுப்பா. வர்றவங்க எல்லாம் போட்டோதான் எடுக்கறாங்க” என்றார் அருள்.

“அதுக்குத்தான்டா சொல்றேன். ஒருத்தராச்சும் செபம் சொல்ல வேணாமா?”

இரண்டு மெழுகுவத்திகளைச் செய்தித்தாளில் சுற்றித் தன் பையின் அடியில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. விடுதி வாசலிலேயே கார் ஓட்டுநர் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். பெயர் சேகர். நாள் வாடகை ஆயிரத்து எண்ணூறு. கோவில்கள், தீர்த்தங்கள் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தவர், மாமாவின் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“நீங்க நம்ம சர்ச்சுப் பக்கமாக்கும்! அப்ப நேரா தனுஷ்கோடி போயிருவோம். இடிஞ்ச சர்ச்சுக்கிட்ட எம்புட்டு நேரம் வேணும்னாலும் நிப்பேன். அதுக்கப்புறம் அரிச்சல்முனை. அஞ்சு மணிக்கு மேல அங்க வண்டிய விட மாட்டாங்க, அதுக்குள்ள திரும்பிரலாம்.”

அருள் என்னைப் பார்த்தார். நான் சேகரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். எத்தனை வருடமாக ஓட்டுகிறார், பின் இருக்கையில் பெல்ட் இருக்கிறதா, வழியில் வளைவுகள் எப்படி.

“வளைவா?” சேகர் விழுந்து விழுந்து சிரித்தார். “அக்கா, ஸ்டியரிங்க ஒரு கயித்துல கட்டிப்போட்டுட்டு நான் தூங்கிட்டே போகலாம்!”

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அருளைத் தனியே இழுத்துப் போனேன்.

“ஏங்க, தூங்கிட்டே ஓட்டலாம்னு சொல்றாருங்க.”

“தமாசுக்குச் சொல்றாரு ஜெசி.”

“பஸ்ஸே போகுதில்ல? ஆளுக்கு முப்பது ரூபா. பாப்பாவும் பஸ்ஸுல சும்மா இருப்பா.”

“முடிவு உன்னுதுதான்” என்றார் அருள். மாமாவிடம் கேட்டபோது, “எதுல போனா என்ன கண்ணு, போய்ச் சேந்தா சரி” என்றார். சேகர் கோபப்படவில்லை. “பஸ்ஸு நடுவழியில நின்னு காத்திருக்காதுக்கா, பாத்துக்கங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்தை நோக்கிப் போனார்.

காலையில் வெயில் ஏறிவிட்டது, மெர்சிக்கு ஆகாது என்று அதையும் நான்தான் தள்ளிப் போட்டேன். மூன்று மணிக்குத்தான் பஸ் ஏறினோம். ஊரைத் தாண்டியதும் சாலை நேராகிவிட்டது. போகப் போக இரண்டு பக்கமும் கடல் நெருங்கி வந்தது. வளைவில்லை, மேடில்லை. எதிரே வந்த கார்கள் தொலைவிலேயே தெரிந்து, நிதானமாக எங்களைக் கடந்தன. மாட்டு வண்டியில் மெத்தை போட்டுப் போனாலும் இவ்வளவு அலுங்காமல் போக முடியாது. அப்போதே எனக்கு உள்ளுக்குள் உறைக்கத் தொடங்கியது.

இடிந்த கோவில் வலப்பக்கமாக வந்தபோது மெர்சி என் மடியில் நல்ல தூக்கத்தில் இருந்தாள். மாமா எழுந்து பையை எடுத்தார். தூக்கத்தில் எழுப்பினால் அழுவாள், வெயிலில் அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்பது என்று என் மனம் கணக்குப் போட்டது.

“வரும்போது எறங்கிக்கலாம் மாமா. வெயிலும் தாழ்ந்துடும்.”

“அதுவும் சரிதான்” என்று உட்கார்ந்துகொண்டார்.

அரிச்சல்முனை அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் குளம்போல் அசையாத நீர், மறுபக்கம் இரைந்து புரளும் அலை. மெர்சி எழுந்து, மணலை வாயில் போட்டு, துப்பி, சிரித்தாள். மாமா சட்டைப் பையில் இருந்த செபமாலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நின்றார். “போலாமா கண்ணு?” என்று இரண்டு முறை கேட்டார். பாப்பாவின் ஈர உடையை மாற்றிவிட்டுப் போகலாம் என்றேன். அதற்குள் ஒரு பஸ் நிரம்பிக் கிளம்பிவிட்டது. அடுத்ததில் நின்றுகொண்டுதான் ஏற முடிந்தது.

“சர்ச்சுக்கிட்ட நிறுத்துவீங்களாண்ணா?” என்று அருள் நடத்துநரிடம் கேட்டார்.

“நிறுத்துறேன். ஆனா இதுதான் கடைசி வண்டி. எறங்குனா திரும்பி எதுல போவீங்க? பிள்ளைய வேற வச்சிருக்கீக.”

ஆட்டோக்களும் வேன்களும் ஆட்களை ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டன. கடைசியில் மாமாதான், “நிறுத்த வேணாமுங்க, போலாம்” என்றார்.

கோவில் ஜன்னலில் வந்தது. கடற்பாறைக் கல்லில் கட்டிய சுவர்கள், மேலே வெறும் வானம், வாசலில் கடையை மூட்டை கட்டும் சங்கு வியாபாரி. மாமா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சிலுவை போட்டுக்கொண்டார். உதடுகள் அசைந்தன. செபமாலையில் ஒரு மணிக்குரிய செபத்தைப் பாதி சொல்லும் நேரம்கூட இருந்திருக்காது. கோவில் பின்னால் போய்விட்டது.

மறுநாள் காலையில் கார் வைத்துப் போய்வரலாமா என்று அன்று இரவே கேட்டேன். ஆனால் மதுரையிலிருந்து ஊர் திரும்ப அன்றைக்கே பஸ் பதிவு செய்திருந்தோம். திங்கட்கிழமை தக்காளி பறிக்க ஆள் சொல்லியிருந்தோம். “இன்னொரு வாட்டி வராமயா போயிடுவோம்?” என்றார் மாமா. அவருக்கு அறுபத்தொன்பது வயது. கடலுக்கு அவர் வந்தது இதுதான் முதல்முறை.

ஞாயிறு மாலை தொப்பூர் மேட்டில் பஸ் முனகி ஏறியது. எதிர்ப்பக்கம் லாரிகள் பிரேக் போட்டு இறங்கிக்கொண்டிருந்தன. இங்கே பயப்படுவது சரி. இந்தப் பயத்தைப் பேருந்து பேருந்தாக மாற்றி, ஒரு வளைவும் இல்லாத தீவு வரைக்கும் நான் எதற்குத் தூக்கிக்கொண்டு போனேன்? போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கார் வையுங்கள். ஓட்டுநர் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரித்துவிடுங்கள்.

போன வாரம் மின்சாரம் போனது. இருட்டில் அலமாரியைத் துழாவியபோது, ஊர் திரும்பியதும் மாமாவின் பையிலிருந்து எடுத்து வைத்த அந்தச் செய்தித்தாள் பொட்டலம் கையில் பட்டது. பிரித்துப் பார்த்தேன். வெயிலில் இரண்டு மெழுகுவத்திகளும் வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

“ஜெசி, வத்தி இருக்குதா?” என்று மாமா முன்னறையிலிருந்து கேட்டார்.

“இல்லைங்க மாமா” என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்து, கைப்பேசி விளக்கைப் போட்டேன்.