ஜெரால்டினின் சாவி டின்

ஜெரால்டினை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரான சாஆ வட்டாரத்தில் அவளைப் பிடிக்காதவன் நான் ஒருவன் மட்டுமில்லை.

வயது நாற்பத்தெட்டு. செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இடைநிலைப் பள்ளியில் கேண்டீன் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோயில் சனங்களின் விருந்துகளுக்குச் சமைக்கிறாள். பிரியாணியில் அவளை அடிக்க ஆளில்லை, அதனால் வந்த திமிர்.

அவள் கேண்டீனில் தினமும் நாசி லெமாக் சோறு தின்ற, பதினேழு வயது ஐந்தாம் படிவப் பையன் ஒருவன், ஒரு பிறந்தநாள் விருந்தில் பீர் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பி லாரிக்கடியில் போய்ச் சேர்ந்தான். அந்த விருந்துக்குச் சமைத்தவள் ஜெரால்டின். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பிடிவாதம். விருந்துக்கு வரும் பள்ளிப் பையன்களின் மோட்டார் சாவியெல்லாம் அவளுடைய மைலோ டின்னுக்குள் விழுந்த பிறகுதான் சட்டியின் மூடியைத் திறப்பாள். கிளம்பும்போது ஒவ்வொருவனையும் ஊதச் சொல்லி மோந்து பார்ப்பாள். வாடை அடித்தால் சாவி கிடையாது. பாத்திரம் ஏற்றும் வேனில், சட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்து வீட்டு வாசலில் இறக்கிவிடுவாள். ஊரான் பிள்ளை எக்கேடு கெட்டால் இவளுக்கென்ன? இவள் புருஷன் முத்து, மைலோவைத் தவிர எதையும் குடித்ததில்லை. டின் அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் விருந்துகளில் மேசைமேல் போத்தல் இருக்காது. சாமியார் வருவார், பெண்கள் இருப்பார்கள். ஆண்களின் கச்சேரி வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில். யாராவது ஒருவர் காரின் பின்மூடியைத் திறந்தால் உள்ளே பீர் இருக்கும். மண்டபத்திலிருந்து ஐஸ் எடுத்து வரும் பையனுக்கு அரைக் கப் ஊற்றிக் கொடுப்பது வழக்கம். என் பேத்தியின் ஞானஸ்நான விருந்தன்று திறந்திருந்தது என் கார். ஐஸ் கொண்டு வந்தவன் என் நண்பர் பெர்னார்டின் மகன் பிராண்டன், பதினாறு வயது. நான்கு முறை வந்தான். நான்கு முறையும் ஊற்றியவன் நான்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஜெரால்டின் அவனை மோந்து பார்த்தாள்.

“வேன்ல ஏறு.”

காலையிலிருந்து என் காரருகே பீர் கப்போடு நின்ற பெர்னார்ட் கண் சிவக்க வந்தார். அவர் கோயில் கமிட்டித் தலைவர்.

“சட்டி பானையோட என் பையன் போகணுமா? அவன் சாவிய எடுத்து வைக்க நீ யாரு?”

“கத்தாதீங்க அண்ணே. சாவி கிடையாது.”

“நீயே வச்சிக்க லா! டேய், என் கார்ல ஏறு.”

நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். ஜெரால்டின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. “அதுதான் நல்லது. அப்பாகூட போ தம்பி” என்று டின்னை மூடினாள். பையன்களை மட்டும் மோந்தே பழகியவள். வயதில் மூத்தவரை, அதுவும் கமிட்டித் தலைவரை ஊதச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது கிலோமீட்டரில் கார் வளைவில் திரும்பாமல் கால்வாயில் விழுந்தது. பெர்னார்டுக்கு நெற்றியில் ஐந்து தையல். பிராண்டனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஊர் ஜெரால்டினைத்தான் திட்டியது. “சாவிய குடுத்திருந்தா பையன் மோட்டார்ல நல்லபடியா வீடு போயிருப்பான்.” இதை முதலில் சொன்னது நான்தான், கோயில் வாசலில், நாலு பேர் காதில் விழும்படி. அவளுக்கு வரவிருந்த மூன்று விருந்துகள் கைவிட்டுப் போயின. அவள் மறுநாளும் வழக்கம்போலக் கேண்டீனைத் திறந்தாள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து என் மகள் ஜாக்லினுக்கு நிச்சயதார்த்தம். ஜெரால்டினின் பிரியாணிதான் வேண்டும் என்று என் மனைவி டொரத்தி அடம்பிடித்தாள். வந்தவள் பையன்களிடம் சாவி வாங்கி முடித்ததும் நேராக என் காருக்கு வந்தாள். பின்மூடியைத் திறந்துகொண்டிருந்த என் முன்னால் டின்னை நீட்டினாள்.

“உங்க சாவி, அண்ணே.”

“நான் என்ன ஸ்கூல் பையனா? பெரியவன் லா.”

“பெர்னார்ட் அண்ணனும் பெரியவருதான். அன்னைக்கு அவருகிட்ட கேக்காம விட்டுட்டேன். அது என் தப்பு. இன்னைக்கு கேக்குறேன்.”

“குடுக்கலன்னா?”

“பிரியாணி இன்னும் வேன்லதான் இருக்கு. அப்படியே எடுத்துகிட்டுப் போயிடுவேன்.”

உள்ளே இருநூறு பேர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் உட்பட. கெட்ட வார்த்தை ஒன்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. பிராண்டன் வந்து நின்றான்.

“அங்கிள், ஐஸ் கொண்டாரட்டுமா?”

அவன் குத்திக் காட்டவில்லை. அந்தப் பையனுக்கு அதெல்லாம் தெரியாது. வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பின்மூடியைச் சாத்தினேன். சாவியை டின்னுக்குள் போட்டேன். ஜெரால்டின் நன்றிகூடச் சொல்லாமல் அடுத்த காருக்குப் போனாள்.

அவளை எனக்கு இன்னும் பிடிக்காது. இந்த ஊரில் ‘என் தப்பு’ என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். ஊற்றிக் கொடுத்த நான் அன்று பிராண்டனிடம் சொன்னது, “ஐஸ் வேணாம்பா” என்பது மட்டும்.