தியாகம் என்ற தலைப்பின் கீழ்

ஜெயமணி டீச்சருடைய எட்டாம் வகுப்பில் எப்பேர்ப்பட்ட மனிதரின் வாழ்க்கையும் ஐந்து தலைப்புகளுக்குள் அடங்கியாக வேண்டும். முன்னுரை, பிறப்பும் இளமையும், உழைப்பு, தியாகம், முடிவுரை. புலவராகட்டும், அரசராகட்டும், வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவராகட்டும், இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் மதிப்பெண் போச்சு. பிள்ளைகள் எழுதியதில் நல்லதைப் பொறுக்கிப் பள்ளியின் ஆண்டு மலரில் போடுவது டீச்சரின் பொறுப்பு. நோட்ஸைப் பார்த்து எழுதிய நாற்பது கட்டுரைகளிலும் நாற்பது பெரியவர்களும் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, தெருவிளக்கில் படித்து, ஊருக்காக உயிரை விட்டிருப்பார்கள். படித்துப் படித்துச் சலித்துப்போய், 2008-ஆம் வருஷம் டீச்சர் புதிதாக ஒரு வேலை கொடுத்தார். செத்துப்போன பெரியவர்கள் போதும், உங்கள் கண்ணெதிரே நடமாடுகிற ஒருவரின் வாழ்க்கையை எழுதி வாருங்கள், தலைப்புகள் மட்டும் அதே ஐந்துதான் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதைக் குறை சொல்ல முடியாது.

ரூபா தன் அப்பாவை எழுதுவது என்று முடிவு செய்தாள்.

அப்பா கங்கப்பன், ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் கேட்டில் வாட்ச்மேன். கெலவரப்பள்ளி அணைப் பக்கத்துக் கிராமம். அடுத்தவர் தோட்டத்தில் தக்காளியும் முட்டைக்கோசும் அறுத்தே வளர்ந்த உடம்பு. அவருடைய அப்பனும் அதே வேலை, தாத்தனும் அதே வேலை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. கான்ட்ராக்ட்காரர்களின் வேன் ஊருக்குள் வந்து ஆள் ஏற்றத் தொடங்கியபோது முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவர் அவர்தான். கூரைக்கு அடியில் நின்று வேலை செய்வதே அவருக்குப் பெரிய பதவி. பெண்டாட்டி முனிலட்சுமியையும் பிள்ளையையும் கூட்டிவந்து, வரிசை வீட்டில் ஓர் அறை பிடித்து, மகளை யூனிஃபார்ம் போடும் பள்ளியில் சேர்த்தார். இத்தனையும் ரூபாவுக்குத் தெரியும். முன்னுரை, இளமை, உழைப்பு மூன்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். நான்காவதில் பேனா நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கங்கப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, தியாகம்னு ஒன்னு கட்டாயம் எழுதணுமாம். நீ என்னா தியாகம் பண்ண?"

கங்கப்பன் சிரித்துவிட்டார். வயிற்றுக்காக மாரடிப்பவனிடம் தியாகத்தைக் கேட்டால் எங்கே போவான்? ஆனால் மகளின் பார்வை அவருடைய வலது கையில் நின்றது. அந்தக் கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே உண்டு. நடு மூன்றும் இல்லை.

"இந்தக் கை எப்பிடி போச்சுன்னு சொல்லு. அதுல ஏதாச்சும் இருக்கும்."

அதில் என்ன இருந்தது என்பதை நாம் முதலில் தெரிந்துகொள்வோம். 2007 பிப்ரவரியில் கங்கப்பன் வாட்ச்மேன் இல்லை, பவர் பிரஸ்ஸில் நின்றவர். அந்த மிஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். இறங்கும்போது கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஒழுங்காக அழுத்திக்கொண்டிருந்தால் ஷிப்டுக்குக் கேட்ட எண்ணிக்கை வராது. அதனால் ஒரு பட்டனை அழுத்தி டேப் ஒட்டிவிடுவார்கள். ஒரு கை பட்டனில், இன்னொரு கை தகட்டில். எல்லாருக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். டேப் ரோலே ஸ்டோரில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குவார்கள். மத்தியானம் மூன்றரைக்கு இரும்பு இறங்கியபோது கங்கப்பனின் வலது கை உள்ளே இருந்தது. பக்கத்து மிஷினில் நின்ற ஆஞ்சப்பன் ஓடிவந்து மெயினை அணைத்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சூப்பர்வைசர் மோகன்குமார் விருதுநகர்ப் பக்கத்து ஆள். பழகத் தங்கமானவர் என்று பெயர். கம்பெனி காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். கையைத் துண்டால் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வருவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, பிரஸ்ஸுன்னு வாயைத் திறந்துராதீங்க. மச்சான் வீட்டுல மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுற மிஷின்ல பட்டுச்சுன்னு சொல்லுங்க. உங்களுக்கு கேட்ல வாட்ச்மேன் வேலை நான் வாங்கித் தாரேன், ஆயுசுக்கும்."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கங்கப்பன் தலையாட்டினார். ஆஸ்பத்திரிச் சீட்டில் தட்டு வெட்டும் மிஷின் ஏறிவிட்டது. சொன்னபடி கேட் வேலையும் வந்தது. பிள்ளைகள் வாய் சும்மா இருக்காது, பள்ளியில் உளறிவைத்தால் இருக்கிற வேலையும் போய்விடும் என்று மகளிடமும் அதே கதையைச் சொல்லி வைத்தார்கள்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை ரூபா கேட்டபோது அவரிடம் பழைய பொய் ஒன்று தயாராக இருந்தது. அதை மட்டும் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. தட்டு வெட்டும்போது கை தவறிப் போனது தியாகத்தில் சேராதே என்று பிள்ளை உதட்டைப் பிதுக்கினாள். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் கங்கப்பன் பொய்க்குக் கண் மூக்கு வைத்தார். மச்சான் ராமப்பனின் மகன் அஜித்குமார், அப்போது மூன்று வயது, தவழ்ந்து வந்து மிஷினுக்குள் கையை விடப் பார்த்தானாம். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்ததாம். இழுக்க நேரமில்லாமல், அவன் கைக்கு முன்னால் இவர் தன் கையைக் கொடுத்தாராம். மூன்று வயதுப் பிள்ளை எதற்குத் தவழ்கிறது என்று ரூபா கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்க எழுதிக்கொண்டிருந்தாள். ரத்தம் எவ்வளவு வந்தது, மாமா என்ன சொன்னார் என்று அவள் கேட்கக் கேட்க, இவரும் அள்ளிவிட்டார். தான் பேச, ஒருத்தி உட்கார்ந்து எழுதுவது அவர் ஜென்மத்தில் அதுதான் முதல் தடவை. சொல்லச் சொல்ல அவருக்கே அது நடந்ததுபோல் இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரம் அவர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

அடுப்படியில் இருந்த முனிலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மகள் தண்ணீர் பிடிக்கப் போனதும் கேட்டுவிட்டாள்.

"என்னாங்க, கொழந்தகிட்ட இப்பிடி அளக்கறீங்களே, நல்லாவா இருக்குது?"

பள்ளிக்கூடத்துக் கட்டுரைதானே, மார்க் போட்டுவிட்டுக் கட்டி வைத்துவிடுவார்கள் என்று கங்கப்பன் சமாதானம் சொன்னார்.

கட்டி வைக்கவில்லை. ரூபாவின் கட்டுரைக்கு முதல் பரிசு. ஆண்டு விழாவில் மேடையேறி வாசித்தாள், கைதட்டல் அடங்க நேரமானது. தடியாக ஒரு அகராதி கொடுத்தார்கள். ஆண்டு மலரில் கட்டுரை முழுசாக வந்தது. அதன் பின்பக்கத்தில், வாழ்த்துகிறோம் என்று கொட்டை எழுத்தில் ஒரு விளம்பரம். அது கங்கப்பனின் கம்பெனி கொடுத்த விளம்பரம். விளம்பரம் கொடுத்தவர்களுக்கு மலர் ஒன்று அனுப்பிவைப்பது வழக்கம், இவர்களுக்கும் வந்தது. மோகன்குமார் அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கு வந்து, பொண்ணு பிரமாதமாக எழுதியிருக்கிறாள் அண்ணே, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று தோளைத் தட்டினார். கங்கப்பன் பூரித்துப்போய் ஒரு சல்யூட் வைத்தார்.

அந்த வருஷக் கடைசியில் வண்டி விற்பனை படுத்தது. ஓசூரில் பாதிக் கம்பெனிகள் வாரத்துக்கு மூன்று நாள் ஓடின. கான்ட்ராக்ட் ஆட்களைக் கும்பல் கும்பலாக அனுப்பினார்கள். நவம்பரில் கேட்டை ஒரு செக்யூரிட்டி ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கங்கப்பனிடம் சொன்னார்கள். ஆயுசுக்கும் என்று சொன்ன மோகன்குமார் தன் வேலை தங்குமா என்று தவித்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல் கையை வைத்துக்கொண்டு கங்கப்பன் எந்த வாசலில் போய் நிற்பார்? ஊரில் தக்காளி பறிக்கவும் அந்தக் கை ஆகாது. முனிலட்சுமி வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

யூனியன்காரர் அண்ணாதுரைதான் மனு எழுதிக் கொடுத்தார். விபத்து நடந்து இரண்டு வருஷம் முடிவதற்குள் போட்டாக வேண்டும் என்று அவசர அவசரமாகப் போட்டார்கள். நஷ்டஈடு வந்தால் ஒரு பெட்டிக்கடை வைக்கலாம், மகள் படிப்பு நிற்காது. வராவிட்டால் எட்டாவதோடு அவளையும் ஏதாவது கம்பெனி வேனில் ஏற்ற வேண்டியதுதான்.

கிருஷ்ணகிரித் தொழிலாளர் அலுவலகத்தில் முதல் விசாரணையின்போது அதிகாரி ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இந்தத் தட்டு வெட்டும் மிஷினை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஒரு கோழிகூட இல்லாத வீட்டுக்காரர்களுக்கெல்லாம் அதில்தான் கை போயிருந்தது. அண்ணாதுரைக்கு நம்பிக்கை வந்தது. சாட்சிக்கு ஆஞ்சப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் இன்னும் அதே கம்பெனியில் இருந்தார், வரவில்லை. இரண்டாவது விசாரணையில் கம்பெனி வக்கீல் ஆண்டு மலரை எடுத்து மேஜைமேல் விரித்தார். பக்கத்தில் மோகன்குமார் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

வக்கீல் கட்டுரையின் நான்காவது தலைப்பை நிறுத்தி நிதானமாக வாசித்தார். சொந்த மகள் எழுதியது, இவர் கம்பெனியில் வேலையில் இருக்கும்போதே அச்சில் வந்தது, இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெண்ணைக் கூட்டி வாருங்கள் என்று முடித்துவிட்டார்.

"கங்கப்பா, புள்ளகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிடு. அப்பா அப்பிடி சொன்னாரு, நான் எழுதனன்னு அது சொன்னா போதும்," என்றார் அண்ணாதுரை.

ஏழு நாள் இருந்தது. கங்கப்பன் தினமும் சொல்ல வாயெடுத்தார். மகள் அந்த அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முனிலட்சுமி தான் சொல்வதாகச் சொன்னபோது, வேண்டாம், நானே சொல்கிறேன் என்று தடுத்துவிட்டார். கடைசி நாளும் போயிற்று. பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று பெண்டாட்டியோடும் மகளோடும் ஏறினார். சூளகிரி தாண்டியது, கிருஷ்ணகிரியும் வந்தது. அப்பா கை சம்பந்தமாக ஏதோ கேட்பார்கள், எழுதியதைச் சொன்னால் போதும் என்ற அளவில்தான் ரூபாவுக்குத் தெரியும்.

அதிகாரி நல்ல மனிதர். பிள்ளை பயப்படக் கூடாது என்று நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிறகு முறைப்படி மனுவை வாசிக்கச் சொன்னார். இன்ன தேதியில், இன்ன பிரஸ்ஸில், டேப் ஒட்டிய பட்டனோடு வேலை செய்தபோது வலது கையின் மூன்று விரல்கள் துண்டிக்கப்பட்டன என்று ஒருவர் கடகடவென்று வாசித்து முடித்தார். ரூபா அதை அப்போதுதான் கேட்கிறாள். மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கங்கப்பன் தரையைப் பார்த்தார்.

"நீ எழுதுனது வேற மாதிரி இருக்கேம்மா. இது உனக்கு யார் சொன்னது?" என்று அதிகாரி மலரைக் காட்டிக் கேட்டார்.

அப்பா சொன்னார் என்று சொன்னால் அவள் உண்மையைச் சொன்னவள் ஆவாள். அண்ணாதுரைக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அத்தனை பேர் முன்னால் அப்பா பொய்யர் என்று ஆகிவிடும் என்பது மட்டும்தான் அந்தப் பிள்ளைக்குப் பட்டது.

"யாரும் சொல்லல சார். நானேதான் கற்பனையா எழுதனன். அப்பாவுக்கு ஒன்னும் தெரியாது. பரிசு வரும்னு எழுதனன்."

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். இல்லாததை எழுதிப் பரிசு வாங்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், பள்ளிக்கும் ஒரு நகல் போகட்டும் என்றார். பயந்துபோய்ப் பேச்சை மாற்றுவாள் என்பது அவர் கணக்கு. அதிகாரி தயங்கினார். ரூபா காகிதத்தை வாங்கி, அழகான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தாள்.

கங்கப்பன் அவள் பேனாவைப் பார்த்தார். எழுந்து, நான்தான் சொன்னேன் ஐயா, பிள்ளை பாவம் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொன்னால், மகளிடமே இப்படிப் புளுகியவன் எங்களிடம் மட்டும் உண்மையா சொல்வான் என்று வக்கீல் பிடித்துக்கொள்வார் என்று தோன்றியது. சொல்லாவிட்டால் மலர் செல்லாக்காசு, மனு தப்பிக்கும். தப்பிக்கத்தான் வேண்டும், பிள்ளை படிக்கத்தானே எல்லாம் என்று நினைத்தார். பாவி மனுஷன் அப்படியே உட்கார்ந்திருந்தார். முனிலட்சுமி வெளித் தாழ்வாரத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். மலரைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அதிகாரி குறித்துக்கொண்டார். ஜெயித்த மாதிரிதான் என்று அண்ணாதுரை கங்கப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நகல் பள்ளிக்குப் போயிற்று. திங்கட்கிழமை ஜெயமணி டீச்சர் ரூபாவை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, ஏன் இப்படிப் பண்ணினாய் என்று கேட்டாராம். டீச்சர் கண் கலங்கிக்கொண்டேதான் அகராதியைத் திரும்ப வாங்கினாராம். வகுப்பில் பிள்ளைகள் அவளுக்குப் புளுகி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் பக்கத்து வீட்டு சம்பங்கியின் மகள் வந்து முனிலட்சுமியிடம் சொன்னாள். ரூபா சொல்லவில்லை. யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

கங்கப்பன் அவள் எதிரில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை. முதலிலிருந்து சொன்னார். இரண்டு பட்டனைச் சொன்னார், டேப்பைச் சொன்னார், மத்தியானம் மூன்றரை மணியைச் சொன்னார். ஆஞ்சப்பன் ஓடிவந்ததையும், காரில் மோகன்குமார் சொன்னதையும், தான் தலையாட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னார். விசாரணையில் தான் வாயைத் திறக்காததையும் சொன்னார். சொல்லும்போது அழுதார். இவ்வளவு நேரம் உண்மையே பேசியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ரூபா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இதாச்சும் நெசமாப்பா?"