கழுத்தில் சொடக்கு வேண்டாம் என்றவர்

இன்று காலை மஹய்யாவப் பகுதியில் உள்ள ஒரு சலூனில் என் முறைக்காகக் காத்திருந்தேன். கதிரையில் இருந்தவர் நான்கடிக்கும் குறைவான உயரம். நாற்பது வயது இருக்கும். பிறவியிலேயே எலும்பு வளர்ச்சிக் குறைபாடு.

ஏறி உட்கார்ந்ததுமே சொல்லியிருந்தார்: "அண்ணே, கடைசியில கழுத்துல சொடக்கு எடுக்க வேணாம்."

"சரிங்க" என்றார் சலூன்காரர்.

முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரு பக்கமும் வெடுக்கென்று திருப்பிவிடுவது அங்கே வழக்கம். யாரும் கேட்பதில்லை. இன்றும் ஒரு கை தாடையைப் பிடித்தது, மற்றது பின்தலைக்குப் போனது.

"அண்ணே, கையை எடுங்க."

அவர் தலையை அசைக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"மறந்துட்டேங்க. லேசாத்தான்..."

"லேசாவும் வேணாம். கழுத்துல மேல இருக்கிற ரெண்டு எலும்பும் ஒன்னையொன்னு சரியா புடிக்கல. திருப்பினா உள்ள போற நரம்பு நசுங்கி கைகால் விழுந்துரும். அப்புறம் தினமும் நீங்கதான் என்னைய தூக்கிட்டுப் போகணும்."

எல்லோரும் சிரித்தோம். சலூன்காரருக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது.

அதைக் கண்ணாடியில் பார்த்தவர், "வெட்டு நல்லா இருக்குண்ணே. அடுத்த மாசமும் உங்ககிட்டதான்" என்று சொல்லி இறங்கினார். ஆபத்தில் இருந்தவரே மற்றவரைத் தேற்றிவிட்டுப் போனார்.

பிறகு நான் உட்கார்ந்தேன். முடிவில், "சார், சொடக்கு எடுக்கவா?" என்றார் சலூன்காரர்.

பத்திரிகை நிருபராக ஊரையெல்லாம் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். என் கழுத்து எலும்பைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை. வேண்டாம் என்றேன்.

உங்கள் கழுத்து எலும்பைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?