வலப்பக்கக் கதவின் பள்ளம்

அந்தக் கம்பெனியின் கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தது நினைவிருக்காது, அவ்வளவுதான். சின்னது, நடுத்தரம், நீளம், உயரம் என்று ஒரே முகத்தை இழுத்தும் அமுக்கியும் நான்கு வண்டியாக்கி, வெள்ளையும் சாம்பலுமாகப் பூசித் தெருவில் விட்டிருந்தார்கள். அரைத்த மாவையே அரைத்தால் வேறு என்ன வரும்? குறை சொல்லவும் ஒன்றுமில்லை, நின்று திரும்பிப் பார்க்கவும் ஒன்றுமில்லை. ஆனால் விற்பனை மட்டும் சக்கைப்போடு போட்டது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்த வண்டிகளுக்கெல்லாம் முதல் உடம்பு கொடுத்தவர் நம் மேஸ்திரி. வீடு கட்டுகிற மேஸ்திரி இல்லை. புது வண்டியை இரும்பில் அடிப்பதற்கு முன் முழு அளவில் களிமண்ணில் செய்து பார்ப்பார்கள். அந்த மண்ணை அப்பி, சீவி, இழைத்து வண்டியாக்குவது அவர் வேலை. சுவர் பூசுகிற மாதிரி இருக்கிறதே என்று யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர். இருபத்திரண்டு வருஷத்தில் அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் ஏறவில்லை.

ஒரு நாள் கடைவாசலில் அவர் மனைவி ஒரு வெள்ளை வண்டியின் கதவைத் திறந்து உட்கார்ந்து, "எவ்வளவு நேரமா நிக்கறேன், போனையாவது எடுக்கக்கூடாதா?" என்று ஆரம்பித்திருக்கிறாள். அப்படியே நாத்தனார் கதை வரைக்கும் போய்விட்டு, மூச்சு வாங்கத் திரும்பினால், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு வேற்று மனிதர். பாவம், அதற்குள் இரண்டு முறை "ஸாரிங்க" சொல்லியிருந்தாராம்.

"நீங்க செஞ்ச வண்டி, எனக்கே அடையாளம் தெரியல. இதுல உங்க கை எங்கதான் இருக்கு?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"நான் நல்லாத்தான் செய்யறேன். மேல இருக்கறவங்க ஒவ்வொருத்தரா வந்து கெடுத்துடறாங்க."

இந்தப் பதிலை அவர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்தார். மனசார நம்பியும் வந்தார். பொய்யும் இல்லை. திங்கட்கிழமைதோறும் பார்வையிட ஒரு கூட்டம் வரும். ஆளாளுக்கு ஒரு இடத்தைத் தொட்டு, "இங்க கொஞ்சம் குறைச்சுடலாமே" என்பார்கள். ஒருவர் சொன்னால் இரண்டு மில்லிமீட்டர் போகும். அதனால் மேஸ்திரி ஒரு தந்திரம் கற்றிருந்தார். அவர்கள் வருவதற்கு முன்னால், திங்கள் காலையில், துருத்திக்கொண்டு தெரிவதில் அவரே ஒரு அரை மில்லி குறைத்துவிடுவார். அரை போனால் இரண்டு தப்பும் அல்லவா? அந்த மண்கூடத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். மண்ணைச் சூடாக்கும் அடுப்பு முனகிக்கொண்டிருந்தது. மேலே கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்கி, ஐந்தாவது வண்டியின் பழுப்பு உடம்பின் மேல் படுத்துக் கிடந்தது. வண்டியின் இடப்பக்கம் வழக்கமான கதவு. வலப்பக்கம் இன்னொரு யோசனைக்காக விட்டிருந்தார்கள். ஒரே மண்வண்டியில் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு உருவம் செய்து ஒப்பிடுவது அங்கே வழக்கம். மேஸ்திரி வலப்பக்கக் கதவை இழைத்துக்கொண்டிருந்தார். கண் சொக்கியது. வெதுவெதுப்பான மண், வெதுவெதுப்பான கை. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில், யாரோ மெல்லக் கூப்பிட்ட பக்கமாகப் போவதுபோல் சீவுளி தானாகப் போயிற்று. அவர் அதைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

விழித்துப் பார்த்தபோது கதவில் ஒரு பள்ளம் இருந்தது. முன்சக்கரத்துக்குப் பின்னால் தொடங்கி, கைப்பிடிக்குக் கீழே தாழ்ந்து, பின்பக்கம் போகப் போக மறைந்தது. ஆழம் சரியாக ஒன்பது மில்லி. வெளிச்சம் அதில் இறங்கி, சற்று நின்று, மறுபடி ஏறியது. அம்மாடி, இது நான் செய்ததா? அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

அன்று மாலை மனைவியிடம், "இந்த ஒண்ணு மட்டும் ரோட்டுக்கு வந்துட்டா போதும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு" என்றார். அப்படிப் பேசுகிற ஆளே இல்லை அவர். அவள் பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

முதல் திங்கட்கிழமை வந்தது. மேஸ்திரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். காலையிலேயே பள்ளத்தின் இரண்டு கரையிலும் அரை மில்லி இழைத்துவிட்டார். கூட்டம் வந்தது. நின்றது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தாயா, தந்திரம் பலித்துவிட்டது! அடுத்த திங்கள், மறுபடி அரை. மறுபடி யாரும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் போன பிறகு, உள்ளங்கையைக் கதவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை நடப்பார். கை தாழ்ந்து, நின்று, ஏறும். உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாத நடை அது.

வண்டி இரும்பு மாதிரி மின்னுவதற்காக மண்ணின் மேல் வெள்ளிப் படலம் ஒட்டுகிற பெண் ஒருத்தி உண்டு. அவள்தான் பத்தாவது வாரமோ என்னவோ கேட்டாள்: "அண்ணே, பள்ளம் கொஞ்சம் தூர்ந்த மாதிரி இல்ல?"

"உனக்குக் கண்ணாடி மாத்தணும். கையை வெச்சுப் பாரு, அப்படியே இருக்கு."

அவள் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னமோ போங்க" என்று போய்விட்டாள்.

பதினேழாவது திங்களன்று கம்பெனியின் புது நிர்வாக இயக்குநர் நேரில் வந்தார். முந்தைய கூட்டமெல்லாம் அவர் பின்னால் பெட்டிப்பாம்பாக வந்தது. அந்த அம்மா கையில் ஒரு போட்டோ இருந்தது. பள்ளம் பிறந்த மறுநாள் யாரோ எடுத்தது.

"இத்தனை வருஷத்துல நம்ம வண்டி ஒண்ணைப் பார்த்து நான் சிரிச்சது இதுக்குத்தான். இதைத்தான் செய்யப்போறோம். எங்க அது?"

மேஸ்திரி தன் கையாலேயே வண்டியை மூடியிருந்த துணியை விலக்கினார். அந்த அம்மா குனிந்தார், எட்ட நின்றார், மறுபடி குனிந்து உள்ளங்கையால் தடவினார். பிறகு சுற்றி இடப்பக்கம் போய்த் தடவிவிட்டு வந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே இருக்கு?"

மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "இல்லம்மா, இங்க பாருங்க" என்று கையை வைத்தார். முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு கையை ஓட்டினார். கை தாழவில்லை. நேராகப் போய் மறுமுனையில் நின்றது.

பதினேழு அரையைக் கூட்டிப் பாருங்கள். ஒன்பதில் எட்டரை போனால் மிச்சம் என்ன இருக்கும்?

"யாரு குறைக்கச் சொன்னது?" அந்த அம்மா திரும்பினார். வடிவமைப்புத் தலைவர் விற்பனைத் தலைவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"யாரும் சொல்லலைம்மா. நான்தான்."

"ஏன்?"

"சொல்லிடுவாங்களோன்னு."

முழு உருவத்தையும் கருவியில் அளவெடுத்து வைக்கவில்லையா என்று கேட்டார்கள்; முடிவான பிறகுதான் அளவெடுப்பது வழக்கம். போட்டோவைக் கையில் கொடுத்து, "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன். திரும்பச் செய்யுங்க" என்றார் அந்த அம்மா. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

மேஸ்திரி வெட்டினார், அப்பினார், இழைத்தார். போட்டோவை எதிரில் மாட்டி வைத்துக்கொண்டு இழைத்தார். அதே வெளிச்சம் அதே மாதிரி இறங்கியது. கண்ணைக்கூட மூடிப் பார்த்தார். சீவுளி பள்ளத்தின் ஓரத்துக்கு வரும்போதெல்லாம் மணிக்கட்டு லேசாகத் திரும்பி, துருத்துவதைத் தட்டிவிட்டுப் போனது. தட்டாதே, தட்டாதே என்று அவர் வாய்விட்டே சொன்னார். கை கேட்கவில்லை. மூன்று முறை பள்ளம் வந்தது, மூன்று முறையும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழுங்கிப்போயிற்று. வெள்ளிப் படலப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள்.

ஐந்து மணிக்கு அந்த அம்மா வந்து, தடவிப் பார்த்து, அவர் தோளைத் தொட்டார்.

"கை வரமாட்டேங்குதும்மா," என்றார் மேஸ்திரி. "மேல இருக்கறவங்க கெடுக்கறாங்கன்னு இத்தனை வருஷமா வீட்ல சொல்லிட்டிருந்தேன்."

தேதி நெருங்கிவிட்டது, வண்டியை அனுப்பித்தான் ஆக வேண்டும். அளவெடுக்கிறவர் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து, நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எந்தப் பக்கத்தை எடுக்கறதுங்க?"

மேஸ்திரி சீவுளியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"எதை வேணா எடுங்க தம்பி," என்றார். "ரெண்டும் நான் செஞ்சதுதான்."